பாதியில் நிற்கும் ஜிப்

தேர்தல் முடிந்த மறுநாள்
கம்பங்களைப் பிடுங்கியவர்கள்
கொடிகளை விட்டுப் போனார்கள்.
நான்கு மூட்டை.
எல்லாக் கட்சியும் ஒரே பாலியஸ்டர்,
ஒரே தண்ணீரில் சாயம் போகும்.

பகலில் எனக்கு அம்பத்தூரில் காலர் மட்டும்தான்.
நாளைக்கு அறுநூறு.
கழுத்து யாருடையதென்று தெரியாது.
இரவில் எங்கள் வியாசர்பாடி வார்டைத் தைத்தேன்,
இரட்டைக் கட்டில் அளவுக்கு.

பள்ளிக்கூடம் ஒரு சட்டைப் பை, அடியில் ஓட்டை.
சுரங்கப்பாதைக்கு நீலச் சாட்டின்,
அதில் பஞ்சடைத்த கெளுத்தி மீன்,
தோளில் கரைத் துண்டு, மைக் பிடித்த வாய்.
பட்ஜெட்டுக்கு ஒரு மூலை;
தொட்டால் அங்கே நிஜமாகவே துண்டு விழும்,
பின் குத்தாமல் விட்டிருந்தேன்.

மழைநீர் வடிகால் மட்டும் ஜிப்.
தெருமுனையிலிருந்து கால்வாய் வரை நீளம்.
இழுத்தால் பாதியில் நிற்கும்.

கேரம் கிளப் சுவரில் மாட்டினேன்.
நியூஸ் வந்தாலே சேனல் மாற்றும் எபினேசர்
துண்டை நான்கு முறை விழவைத்துச் சிரித்தான்.
'ஓட்டைப் போடு' என்று கொட்டை எழுத்தில்
நான் எம்ப்ராய்டரி செய்திருந்ததைப் படித்துவிட்டு
பிரிசில்லா அந்தச் சட்டைப் பைக்குள் விரலை விட்டு
அடியில் வெளியே ஆட்டிக் காட்டினாள்:
"போட்டாச்சேக்கா."

கவுன்சிலரின் ஆள் ஒருநாள் வந்தார்.
"இது யாரும்மா?"
"கெளுத்தி சார்."
"அது தெரியுது."
அவரும் ஜிப்பை இழுத்துப் பார்த்தார். நின்றது.
சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னொரு முறை இழுத்தார்.
"துணி எங்களுதுதானே" என்று மட்டும் சொல்லிப் போனார்.

வியாழக்கிழமை எபி மெழுகுவர்த்தியோடு வந்தான்.
கரண்ட் இருந்தது.
கேரம் போர்டில் ஒருவரும் அடிக்கவில்லை.
ஜிப்பின் பல் பல்லாகத் தேய்த்தான்,
நகத்தால் நெம்பினான், மறுபடி தேய்த்தான்.
ஒரே இழுப்பு.
கால்வாய் வரைக்கும் திறந்துகொண்டது.

"உள்ள என்னக்கா?"

உள்ளே ஒன்றுமில்லை.
திறக்கும் என்று நினைத்து நான் தைக்கவில்லை.
லைனிங்கூட வைக்காததில் சுவர் தெரிந்தது,
சுவரில் போன மழைக்குத் தண்ணீர் நின்ற கோடு.

மீன் இன்னும் பேசுகிற வாயோடுதான் தொங்கியது.
யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிரிசில்லா என் கழுத்திலிருந்து டேப்பை உருவி
தரையிலிருந்து கோடு வரை பிடித்தாள்.
"முப்பத்தெட்டு இன்ச்" என்றாள்.
எபி போனில் குறித்துக்கொண்டான்.
அளவு எடுத்தாயிற்று,
யாருக்கென்று
இன்னும் பேசவில்லை.