அரைக் கட்டை

முதலில் ஈயம் உருகும் மணம் வரும்.
லிபர்ட்டி பிளாசாவில், போன் திருத்தும் மேசையில்
நாள் முழுக்க ஈயம் உருக்குகிறவளுக்கு
அந்த மணம் வந்தால் எதை நம்புவது?
சூட்டுக்கோல் தாங்கியில் கிடக்கிறதா என்று பார்ப்பேன்.
புகை ஃபேன் பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பேன்.
சாயப் புகையே இல்லையென்றால்
கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு
மெதுவாகத் தரையில் இருந்துவிடுவேன்.

றிஸ்மி நானா இப்போது சாவிக்கொத்தைத் தேடுவதில்லை.
முதல் தடவை, இரும்பு என்று கைக்குள் திணித்த ஷட்டர்ச் சாவியின் பல்
உள்ளங்கையில் நாலு நாள் பதிந்து கிடந்தது.
இப்போது ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு
மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
"ஒரு நிமிசம் நாப்பது" என்பார்,
விலை சொல்கிற அதே குரலில்.

பெரியாஸ்பத்திரியில் சந்தமாலி மிஸ்
தலை முழுக்கப் பசை தடவி வயர் ஒட்டினாள்.
கண் மூடு, திற, ஊது ஊது ஊது என்றாள் அரைத் தமிழில்.
நான் சும்மாதான் கிடந்தேன்.
திரையில், இடது பொட்டுக்குப் பின்னால்
கூர்கூராய்ச் சிறு கோடுகள்.
வலிப்பில்லாத நேரத்திலும் அது தனக்குள் கதைத்துக்கொண்டிருந்தது.

வர வர வழி தேய்ந்து பாதையாகிவிடும் என்றார் டாக்டர்.
செத்த கலங்களுக்குப் பக்கத்துக் கலங்கள்
புது நார் விடும், விட்டுத்
தம்மைத் தாமே தொட்டுக்கொள்ளும்.
போர்டு பார்க்கிறவள் நான். விளங்கியது, விளங்கவுமில்லை.
கருகின போர்டு கருகினதுதான்.
எந்தப் போர்டிலும் இரவில் தானாக வயர் முளைப்பதில்லை.

அதனால்தானோ என்னவோ
வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டும் ஓசை
எனக்கு முழங்கையில் கேட்கிறது.
கரையோர ரயில் போன பிறகும்
ஜன்னல் கம்பியில் நெடுநேரம் போய்க்கொண்டிருக்கிறது.

குளிசை தொடங்கிப் பத்தாம் நாள், பின்னேரம்,
பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்தது.
அதே மெட்டு. அரைக் கட்டை இறங்கி.
படியிறங்கிப் போய்க் கேட்டேன்:
"ஸ்பீக்கர் மாத்தினீங்களா? பெற்றரி இறங்கிட்டுதா?"
நிஹால் சிரித்தான், மாலுபாண் சுற்றித் தந்தபடி.
அடுத்த நாள் ரயிலும் இறங்கியிருந்தது.
கோயில் மணியும்.
அம்மா போனில் என் பேர் சொல்வதும்.

சிலருக்கு அப்படித்தான், மருந்தின் வேலை, என்றார் டாக்டர்.
மாற்றித் தரவா?

ஈய மணம் வராமல் நாற்பத்தாறு நாள்.
வேண்டாம் என்றேன்.

ஒழுங்கை முனையில் பாண் ஓட்டோ நின்றது.
அதோடு சேர, குரலை அரைக் கட்டை இறக்கி
முணுமுணுத்தேன். சேரவில்லை.
இறக்காமல் முணுமுணுத்தேன்.
நானும் ஏற்கெனவே அங்கேதான் இருந்திருக்கிறேன்.