ஒன்றுக்கு முந்நூற்றைம்பது

ஐப்பசியில் பெயின்ட் அடிக்கக் கூடாது.
அடித்தேன்.
விடிந்து பார்த்தால் கப்பலின் இடது விலாவில்
சுவர் பூத்த மாதிரி வெள்ளை.
மேல்தளத்துச் சாம்பல் நிறத்தில்
பதினேழு பச்சைத் தத்துப்பூச்சிகள்,
சம்பா வயலிலிருந்து நேராக என் டியூப்லைட்டுக்கு,
டியூப்லைட்டிலிருந்து நேராகக் கப்பலுக்கு.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
உடம்பு வந்தது, கால்கள் வரவில்லை.
உப்புத்தாள் எடுத்தேன்.

வேலை திருவாரூர் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனை.
இடுக்கியும் ஊசிமுனையும் கைக்குப் பழக்கம்.
பசையை ஊசியில் ஏற்றி
ஒரு துளியில் பாதியை மட்டும் இறக்கத் தெரியும்.
சிங்கப்பூரிலிருந்து கொழுந்தன் பெட்டியோடு வந்தபோது
பிள்ளைக்கா என்றது வீடு.
எனக்கு என்றேன்.
பிள்ளை பெரிசானதும் விளையாடட்டும் என்று
அலமாரி மேல் ஏற்றினார் மாமி.
அன்று ராத்திரியே இறக்கிவிட்டேன்.

இந்த அளவில் நான் நாலரை மில்லிமீட்டர்.
எங்கள் வெண்ணாறு நாலு விரல் அகலம்.
கப்பல் ஒன்றே கால் சாண்.
ஆற்றின் குறுக்கே வைத்தால்
கூத்தாநல்லூர்க் கரையைத் தாண்டி
மூக்கு எங்கள் கொல்லைக்கு வந்துவிடும்,
வால் அந்தண்டை வாழைத்தோப்பில்.
பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்தக் கணக்குதான்.
டிக்கெட் வாங்க மறந்து
கண்டக்டரிடம் திட்டு.

நேற்று ராத்திரி நங்கூரம் தொலைந்தது.
இடுக்கி கொஞ்சம் அழுந்திவிட்டது.
டிக்.
அவ்வளவுதான் சத்தம்.
மூன்று மில்லி, சாம்பல் நிறம்.
தரையோ மொசைக்:
கறுப்பு, வெள்ளை, சாம்பல் புள்ளிகள்,
சுவருக்குச் சுவர் நங்கூரங்கள்.
அப்போது பார்த்துக் கரண்டும் போனது.

கன்னத்தைத் தரையில் வைத்து
போன் டார்ச்சைப் படுக்கப் போட்டுத் தேடினேன்.
இடியாப்பத் தட்டைத் திருப்பித்தர வந்த ஹாஜரா
வாசலிலேயே பதறினாள்:
"மூக்குத்தியா லாத்தா?"
பல்லில் இடுக்கி. "ம்" என்றேன்.

அந்த ஒரு "ம்" போதும்.
சபுரா வந்தாள், மகள் நஸ்ரினோடு.
கொல்லைப்பக்கமாய் புஷ்பவல்லி துடைப்பத்தோடு வர,
கூட்டாதே, போயிடும் என்று மூன்று குரல்.
ஆளுக்கொரு சதுரம் பிரித்துக்கொண்டார்கள்.
கிடைத்தவை:
சீரகம், ஒரு ஊக்கு, எலிப்புழுக்கை,
எந்தக் காலத்திலோ யாருக்கோ கழன்ற திருகாணி.
"திருகாணி இருக்கு! கல்லு பக்கத்துலதான்!"
நாலு முதுகும் இன்னும் குனிந்தன.
இப்போது எப்படிச் சொல்வது?

நஸ்ரின்தான், எச்சில் தொட்ட விரலில்
ஒட்டி எடுத்து நீட்டினாள்.
"இதுவா?"
"இதுதான்."
சபுராவின் டார்ச் விரலைப் பார்த்தது,
பிறகு மெல்ல உயர்ந்து என் முகத்தைப் பார்த்தது.
என் மூக்கில் கல் மினுங்கிக்கொண்டிருந்தது,
மூன்று வருஷமாய் இருக்கிற இடத்திலேயே.

திட்டு வரும் என்று காத்திருந்தேன்.
புஷ்பவல்லி முழங்காலைத் தேய்த்தபடி எழுந்து
மேசைக்குப் போனாள். ஒரு சுற்று சுற்றினாள்.
"என்ன இது, ஆளே இல்லை?"
"பெட்டியில் வரலை."
"அப்ப ஓட்றது யாரு?"
பதில் இல்லை என்னிடம்.
பீரங்கிக் குழாய்க்குள் துளை போட்டிருக்கிறேன்.
ஏணிக்குப் படிகூட இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, மிச்சச் சட்டத்தை
மெழுகுவத்தியில் காட்டி இழுத்தேன், முடி கனத்துக்கு.
நிற்கிற ஆள் நாலரை மில்லி.
குனிந்தால் மூன்று.
பின்தளத்தில் குனிந்த நாலு பெண்கள்,
ஒரு சின்னப் பெண்.
லென்ஸ் வழியாகப் பார்த்த சபுரா
"நான் இவ்வளவு குண்டா?" என்றாள்.
ஒன்றுக்கு முந்நூற்றைம்பது என்றேன்.
அதைவிட மோசமாய்க் கேட்டது அவளுக்கு.

இடது நங்கூரம் ஒட்டியாயிற்று.
வலது, தீப்பெட்டிக்குள் பஞ்சில்.
தை வரட்டும், காற்று காயட்டும்.