கொம்பு முளைத்த வீடு

ப்ர்னோவில், நான்காவது மாடியில்,
எங்கள் வீட்டுக்கு இரண்டு கொம்பு முளைத்தது
பிப்ரவரியில்.
மூடிய திரையரங்கிலிருந்து இரவல் வேனில் வந்தவை;
லிஃப்டுக்குள் நுழையவில்லை.
படிக்கட்டு முழுக்க வெண்கலக் கடை யானை.

ராடோவன் விரல் முட்டியால் தட்டினான்.
தகரம் நெடுநேரம் முனகியது.
"பாட்டோடு சேர்ந்து இதுவும் பாடும். ஆகாது."
கார்க் கதவுக்குள் ஒட்டுகிற தார்ப்பட்டையை
ஹேர் டிரையரால் இளக்கி
முதுகெல்லாம் அப்பினான்.
மறுபடி தட்டினான்: பூசணிக்காய்.

பிறகு அறை.
மூலை மூலையாய்ப் போய்க் கைதட்டினான்.
"யார் பேசி முடித்தது?" என்றேன்.
சிரிக்கவில்லை. எதிரொலியை எண்ணிக்கொண்டிருந்தான்.
புத்தக அலமாரி பின்சுவருக்குப் போனது,
கம்பளி அடைத்த பலகைகள் பக்கச் சுவருக்கு,
என் குளிர்கோட்டுகள் மூன்றும் மூலைக்கு.
சோபா மட்டும் நடு அறையில்,
தரை தட்டிய படகு.

இன்று இசைத்தட்டு.
பாடுமுன் அவள் இழுத்த மூச்சுகூட
கம்பளத்தில் வந்து உட்கார்ந்தது.
கண்ணை மூடியபடியே கேட்கிறான்:
"ஸிம்பல் வருகிறதா, லிபுஷே?"

முப்பது வருஷம் நெசவாலை.
அவன் காதிலிருந்த மேல்ஸ்தாயியை
தறிகள் என்றோ தின்றுவிட்டன.
தனக்குக் கேட்காத ஒன்றுக்காகத்தான்
மூன்று மாதம்
சுவரோடு மல்லுக்கட்டியிருக்கிறான்.

"வருகிறது" என்றேன்.
"எப்படி? சாவிக்கொத்து விழுகிற மாதிரியா?"
"இல்லை. ஊசி மாதிரி. கொஞ்சம் குத்துகிறது."

துள்ளி எழுந்தான்
ரெசிஸ்டர் மாற்ற.
நான் புகழ்ந்திருந்தால்
இத்தனை சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.