ஒரு சாண் மேலே

உலான்பாத்தரில் ஜனவரி. உறைநிலைக்குக் கீழே முப்பத்து நான்கு.
நிலக்கரிப் புகை ஜன்னலில் அப்பிக் கிடந்தது.
மறுநாள் முதல் ஆள் சொய்ஜில்சூரென்:
அறுபத்தொரு வயது, நானூறு ஆடு.
குதிரையைத் துரத்திப் போன மேட்டில்
கண் இருட்டி விழுந்தவர்.

நான் இயந்திரக்காரி.
கத்தி எடுப்பது யாஞ்சின்லகாம்.
அவள் தைத்து முடிக்கும்வரை
அவருக்குப் பதிலாக ரத்தத்தைச் சுற்றவிடுவது என் பாடு.
அதைச் சொல்லிவிட்டு வரத்தான் போனேன்.

மருந்துச் சீட்டின் பின்புறத்தில் வரைந்து காட்டினேன்.
மேலே இரண்டு அறை, கீழே இரண்டு.
உடம்பெல்லாம் அலைந்து கறுத்து வரும் ரத்தம்
வலப்பக்கம் புகுந்து
நுரையீரலுக்குப் போய்
காற்றை வாங்கிச் சிவந்து
இடப்பக்கம் திரும்பி, அங்கிருந்து

"பெருங்குழாய்" என்றார்.
என் பேனா நின்றது.
"முதுகெலும்பை ஒட்டி ஓடும். சுடும்.
விரல் வைத்தால் திமிறும்."

நகரத்தில் பிறந்தவள், மறந்திருந்தேன்.
மேய்ச்சல்காரர்கள் ஆட்டின் கழுத்தை அறுப்பதில்லை.
மல்லாத்திக் கிடத்தி
நெஞ்சுக்குழியருகே கை நுழையும் அளவு கீறி
உள்ளே போய்த் துழாவி
அந்தக் குழாயை விரலால் கிள்ளிவிடுவார்கள்.
மண்ணில் ஒரு சொட்டு சிந்தாது.
நான் ஆறு வருடம் புத்தகத்தில் தேடிய இடத்தை
அந்தக் கை
இருட்டில் கண்டுபிடிக்கும்.

"நீங்கள் எதைப் பிடிப்பீர்கள்?"
"அதையேதான். ஒரு சாண் மேலே."
கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"நான் பிடித்த எதுவும் எழுந்ததில்லை."
சிரித்தாரா, தெரியவில்லை.

காலை ஒன்பது பன்னிரண்டு.
கறுப்பு ரத்தம் என் குழாயில் இறங்கி வந்தது.
உருளைகள் சுழன்றன. சவ்வு மூச்சுவிட்டது.
சிவப்பு திரும்பிப் போனது
துடிப்பில்லாமல், வாய்க்கால் தண்ணீர்போல்,
நிமிடத்துக்கு நாலரை லிட்டர்.
"பிடித்துவிட்டேன்" என்றாள் யாஞ்சின்லகாம்.
கிடுக்கியின் இந்தப் பக்கம்
குளிர்ந்த பொட்டாசியம் இறங்க
இதயம் இரண்டு தரம் தடுமாறி
நனைந்த கையுறையாகக் கிடந்தது.

உள்ளே, மூன்று இதழ்க் கதவு
சுண்ணாம்பு ஏறிக் கல்லாகியிருந்தது.
பென்சில் நுழையும் சந்து.
அந்தச் சந்து வழியாகத்தான் இத்தனை வருடம்
குதிரை ஏறியிருக்கிறார், பனியில் கூடாரம் பிரித்திருக்கிறார்,
மருமகனோடு சண்டை போட்டிருக்கிறார்.

காத்திருக்கும்போது எப்போதும் இதைத்தான் நினைப்பேன்:
ஊருக்கெல்லாம் படியளக்கும் இதயம்
தன் பங்குக்கான கிளையை
பெருங்குழாயின் வாசலிலேயே வைத்திருக்கிறது.
பேராசைதான். ஆனாலும்
இறுகும்போது அதனால் குடிக்க முடியாது;
தன் தொண்டையைத் தானே நெரித்துக்கொள்ளும்.
தளர்கிற அந்த அரைநொடியில்தான்
வாய் நனைக்கிறது.
நாம் ஓய்வு என்று எழுதிவைப்பது
அதன் சாப்பாட்டு வேளை.

ஐம்பத்தெட்டாம் நிமிடம் கிடுக்கி திறந்தது.
வெதுவெதுப்பான ரத்தம் முதல் கிளைக்குள் போனது.
ஒன்றுமில்லை.
யாரோ இருமலை அடக்கினார்கள்.
பிறகு ஒரு நடுக்கம், புழு நெளிவதுபோல்,
எந்த ஒழுங்கும் இல்லாமல்.
பிறகு ஒன்று.
இடைவெளி.
இன்னொன்று.

மூன்று லிட்டர் என்றேன். இரண்டு. ஒன்று.
ஒவ்வொரு எண்ணாக அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.
உருளை நின்றபோது
என் கைகளுக்கு வேலை இல்லை.

நான்காம் நாள் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்:
"தொட்டபோது சூடாக இருந்ததா?"
"இல்லை. நாங்கள்தான் குளிரவைத்தோம்."
அது அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
அப்புறம் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தார்.
தேடவில்லை.
சரியான இடத்தில், வெகுநேரம்,
அழுத்தாமல்.