நோய் என்ற கட்டம்

இ.எஸ்.ஐ. பதிவேட்டில்
நோய் என்ற கட்டம் நாலு விரல் அகலம்.
காய்ச்சல் அடங்கும்.
வயிற்றுப்போக்கு கொஞ்சம் நெருக்கி உட்காரும்.
அன்று டாக்டர் நவமணி சொன்ன வார்த்தைக்கு
என் பேனா கோட்டைத் தாண்டி
அடுத்த கட்டத்து முகவரிக்குள் போய்விட்டது.

பிஸ்ஸினோசிஸ்.

ஸ்டூலில் இருந்த உச்சிமாகாளி,
புளோ ரூம், பதினெட்டு வருஷ சர்வீஸ்,
புருவத்தில் இன்னும் பஞ்சு,
கேட்டதும் தலையாட்டினார்.
"பிசின்தான் ஐயா. சரியாத்தான் பேரு வச்சிருக்கான்.
வேப்பம்பிசின் கணக்கா
மூச்சு உள்ள ஒட்டிக்கிடுதுல்லா."
இருமி முடித்துவிட்டு,
"மொதலாளி பிசினாரி. அதையும் சேத்துக்கிடும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.
இல்லை, அது கிரேக்கம்.
பிஸ்ஸோஸ் என்றால் மெல்லிசான துணி.
காசுள்ளவன் உடுத்துவது.
எகிப்தில் செத்த ராசாக்களைச் சுற்றுவது.
அதுவும் பருத்தி இல்லை, ஆளிச்செடியின் நார்.
வார்த்தைகூட கிரேக்கனுக்குச் சொந்தமில்லையாம்,
கடல்வழி வந்த யாவாரிகளிடம் வாங்கியதாம்.
ரொம்பப் பின்னால் எவனோ ஒரு வைத்தியன்
துணியின் பேரை எடுத்து
நெஞ்சுக்கு வைத்துவிட்டான்.

"அப்பம் நெஞ்சவன் பேரு?"
நெய்தவனைத்தான் அப்படிச் சொன்னார்.
டாக்டர் குழலை அவர் முதுகில் வைத்து
"மூச்சை நல்லா இழுங்க" என்றார்.

விக்கிரமசிங்கபுரத்தில் அதற்கு
ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது.
திங்கக்கிழமை நெஞ்சு.
ஞாயிறு லீவு.
பாபநாசத்துப் படித்துறையில் முங்கி எழுந்தால்
தக்கை மாதிரி மிதக்கும் உடம்பு.
திங்கள் காலை சங்கு ஊதி
முதல் பேலைப் பிரித்த ரெண்டு மூணு மணி நேரத்தில்
யாரோ மார்மேல் ஏறி உட்காருவான்.
செவ்வாய் பாதி இறங்குவான்.
வியாழன் ஆளே இருக்க மாட்டான்.

மெடிக்கல் போர்டு கூடுவது
வியாழக்கிழமை.

திருநெல்வேலிக்கு முதல் பஸ்.
சேரன்மாதேவி தாண்டி ஜன்னல் காற்று
தங்குதடையில்லாமல் உள்ளே போகுது என்று
சந்தோஷப்பட்டாராம் மனுசன்.
குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள்.
வீம்புக்காரர், தம் கட்டி ஊதினார்.
மூணு தடவையும் முள் நல்ல இடத்தில் நின்றது.
"ஆஸ்துமாவா இருக்கும். பீடி உண்டா?"
வீட்டுக்காரி சுத்துதா, முக்கூடல் கம்பெனிக்கு, என்றார்.
அவர் ஒன்றைக்கூடப் பற்றவைத்ததில்லை.
தாளில் பீடி மட்டும் விழுந்தது.

பிறகு திங்கள் நீள ஆரம்பித்தது.
செவ்வாயைத் தின்றது, புதனைத் தின்றது,
போர்டு கூடும் நாளையும் ஒருவழியாகத் தின்றபோது
குழாயை ஊத அவரிடம் காற்று இல்லை,
பஸ் படி ஏறக் கால் இல்லை.

ஐப்பசி அடைமழையில் தூக்கினார்கள்.
கோடி போட மில்லிலிருந்து ஒரு பீஸ் வந்திருந்தது.
மெல்லிசு.
நனைந்ததும் எலும்பு எலும்பாக
உடம்போடு ஒட்டிக்கொண்டது.
குடை பிடித்து நின்ற எனக்கு
எகிப்து ஞாபகம் வந்தது.
வெட்கமாக இருந்தது.

பதினாறு கழிந்து
கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்த வண்டிமலைச்சி
கவுண்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை.
"அந்தப் பிசின் வார்த்தைய ஒரு தாள்ல எழுதித் தாரும்."
மாத்திரைக் கவரின் பின்பக்கம் எழுதினேன்.
அதில் கட்டம் இல்லை. இடம் தாராளம்.
வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு கேட்டாள்:
"இத எந்தக் கிழமை கொண்டு காட்டணும்?"

திங்கள் என்று வாயெடுத்தேன்.
வியாழன் என்றேன்.