சேந்த்-மாரியில் இறங்கிய பை

மே மாதக் கடைசி. ஓடுபாதைக்கு அப்பால்
கரும்பு பூத்து வெள்ளிமுடியோடு ஆடுகிறது.
தொலைந்த பெட்டிகளின் கவுண்டருக்குப் பின்னால்
காப்பி இயந்திரத்தில் ஒட்டியிருக்கிறது பட்டியல்:
பெண்கள் ஒற்றையர், தலைக்கு இரண்டு யூரோ,
வசூல் பானியாந்தி.

பெட்டி ஏற்றுகிறவன், இடுப்பில் பட்டைக் கச்சை.
முதலிடத்துக்காரியைத் தவிர எவரையும் நம்பமாட்டான்.
"செம்மண்ணுல பந்து மெதுவா எழும்,
அவளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்,
நேரம் கிடைச்சா அவள் கொன்னுடுவா."
போன வருடமும் இதையேதான் சொன்னான்.
அவள் காலிறுதியில் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

சுங்கத்து மர்தாய் அம்மாளுக்கு இடக்கைக்காரி.
காரணம், தானும் இடக்கை.
எரிபொருள் வண்டி லச்சுமனேன்
மூன்று பேரை எழுதி ஆறு யூரோ நீட்டினான்,
சம்பளம் வந்த மறுநாள் அது.

நான் காரைக்கால்காரி. தீவுக்கு வந்து ஒன்பது வருடம்.
இந்த எண்ணிக்கை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை:
பதினைந்து, முப்பது, அப்புறம் ஏன் நாற்பது?
வட்டிக்கடைக் கணக்கே இதைவிட நாணயம்.
என் கட்டம் காலியாகவே கிடந்தது.

ஞாயிறு காலை, பாரீஸ் விமானம் காலியான பிறகும்
பெல்ட்டில் பதினொரு சுற்று வந்தது
ஒரு நீளப் பை.
அட்டையில் சேருமிடம், அவசரக் கையெழுத்தில்:
ரோலான் காரோஸ்.
எந்த ஊர் ஊழியனோ கணினியில் தட்டியிருப்பான்,
கணினி எங்களைக் காட்டியிருக்கும்.
மைதானத்துக்கும் எங்கள் நிலையத்துக்கும் ஒரே பெயர்,
இந்தத் தீவில் பிறந்து பறந்துபோன ஒருவனின் பெயர்.
நடுவே ஒன்பதாயிரம் கிலோமீட்டர்.

விதிப்படி திறந்தேன், மர்தாய் சாட்சி.
நான்கு ராக்கெட். ஒன்றில் நரம்பு அறுந்து சுருண்டிருந்தது.
காலுறைக்குள் வலிமாத்திரை அட்டை, இரண்டு மிச்சம்.
காலணி வரிகளில் ஏதோ ஒரு களத்தின் செம்மண்.
இடது காலணி பெருவிரல் பக்கம்
ஓட்டை விழும் அளவு தேய்ந்திருந்தது.
அந்தப் பக்கமே சறுக்கிச் சறுக்கிப் போய்
எட்டாததை எடுக்கிறவள் போலிருக்கிறது.

மடித்த ரசீதில் பெயர்: டோயினா ப்ளெஷ்கா, மால்டோவா.
லச்சுமனேன் தேடிச் சொன்னான்:
தரவரிசை இருநூற்றுப் பதினாலு.
தகுதிச் சுற்று, செவ்வாய், பதினொரு மணி.

என் கட்டத்தில் ப்ளெஷ்கா என்று எழுதினேன்.
பானியாந்தி பேனாவைப் பிடுங்கினான்.
"அவள் இன்னும் போட்டிக்குள்ளேயே வரலை.
மூணு ஆட்டம் ஜெயிச்சாத்தான் முதல் ஆட்டமே."
"என் ரெண்டு யூரோ. உனக்கென்ன?"
"திருடுற மாதிரி இருக்கு."

அன்றிரவு விமானத்தில் அவன்தான் அதை ஏற்றினான்.
முந்நூறு பெட்டிக்கும் பிறகு, கதவோரமாக,
கடைசியாக வைத்தான்,
முதலில் இறங்கட்டும் என்று.

செவ்வாய். இங்கே பகல் ஒன்று, அங்கே பதினொன்று.
ஒளிபரப்பே இல்லாத ஆட்டம்;
பானியாந்தியின் போனில் எண்கள் மட்டும் மாறின.
சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் பெட்டி காணாமல்
என் முன் நின்று கத்திக்கொண்டிருந்தார்.
"என்ன நிறம், ஐயா?" என்றேன்.
"முதல் செட் அவளுக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு கிசுகிசு.
"நீலம்" என்றார் அவர்.
இரண்டாவது செட் போயிற்று. படிவம் நிரப்பினேன்.
மர்தாய் முத்திரையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

மூன்றாவது செட், ஐந்துக்கு ஐந்து.
மொரீசியஸ் விமானம் இறங்கிவிட்டது.
பானியாந்தி கச்சையை இறுக்கிக்கொண்டு
போனை என் கையில் திணித்துவிட்டு ஓடினான்.
பெல்ட் நகரத் தொடங்கியதும் திரை அணைந்தது.
பூட்டு எண்ணைச் சொல்லாமல் போய்விட்டான் பாவி.
நான்கு இலக்கம்.
ஒன்று, ஐந்து, மூன்று, சுழியம் என்று ஊகித்தேன்.
தவறு என்றது.