தனித்தேர்வர்

விண்ணப்பத்தில் 'கல்வித் தகுதி' என்ற இடத்தில்
பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு
இரண்டே கட்டங்கள்.
பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு,
ஊட்டிக் குளிரில் மூன்று வருடம்.
ஓரத்தில் பொடியாக எழுதினேன்.
'இதெல்லாம் இங்க வேண்டாம்மா' என்று
வெள்ளை மை தடவினார் குமாஸ்தா.
காயும்வரை நானே ஊதிக்கொண்டிருந்தேன்.

பாடம் ஒன்றுதான், உயிரியல்.
பதினைந்து வயதில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவள்
விட்டுவிட்டுப் போனது.
ஞாயிறு காலை கொளப்பள்ளியில் முதல் பஸ்,
கூடலூரில் இறங்கினால் பள்ளிக்கூட மேடு,
லேப் சாவி வாட்ச்மேன் வீட்டில்.
மைக்ராஸ்கோப் ஒன்று, நாங்கள் ஒன்பது பேர்.
சேலை கட்டிப் போன முதல் நாள்
அஃப்சல் எழுந்து நின்று
'குட்மார்னிங் டீச்சர்' என்றான்.
அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.
அடுத்த வாரம் ரப்பர் கேட்டான்.

மற்ற ஆறு நாளும்
கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்
பேரேடு எழுதுகிறவள் நான்.
மழை நாளில் ஈரத்துக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு.
அம்மா தன் மூட்டையைக் கொக்கியில் மாட்டும்போது
முள்ளைத்தான் பார்ப்பாள்.
பதினெட்டு. கழிவு போகப் பதினாறு.
எழுதுகிறேன்.
பேரேட்டுக்கு அடியில் விரித்திருக்கும் புத்தகத்தில்
சிறுநீரகம் நாளொன்றுக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டுகிறது,
ஒன்றரை லிட்டர் மட்டும் கழிக்கிறது.
இப்படி ஒரு நியாயமான கணக்கை
இந்தக் கொட்டகை பார்த்ததில்லை.

'இருபத்தஞ்சு வயசுல நீட்டா?'
ஃபீல்டு ஆபீசர் கேட்டார்,
பக்கத்து லைன் குணரத்தினம் கேட்டார்,
மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.
தவமணி கேட்கவில்லை.

ஆடி மாத இரவு.
தவமணியை ஏற்றிய ஜீப்
எஞ்சினை அணைத்து, விளக்கை அணைத்து, வளைவில் நின்றது.
முன்னால் கொம்பன் மூங்கில் ஒடிக்கும் சத்தம்.
மழை.
என் கைக்கடிகாரத்தில் மட்டும் பச்சையாக இரண்டு முள்.
ஏழு நிமிடம். ஐந்து. ஐந்து. மூன்று.
வலிக்கும் வலிக்கும் நடுவே இருந்ததை
எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.
தொடர்வரிசை எதை நோக்கிக் குவிகிறது என்று தெரிந்தது.
அதற்குமேல்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கடிகாரத்தோடு சேர்த்து என் மணிக்கட்டைப் பிடித்தாள் அவள்.
சீட்டுக்கு அடியில் டார்ச் உருண்டுபோன நேரத்தில்
பையன் பிறந்தான்.
பிழைத்தான். இருவரும்.
இப்போது பால்வாடிக்குப் போகிறான்.
நான் ஊசி போடுவேன் என்று யாரோ சொல்லிவைத்து
என்னைக் கண்டால் ஓடி ஒளிகிறான்.

செய்முறைத் தேர்வுக்கு
ஆளுக்கோர் இலை கொண்டுவரச் சொன்னார்கள்.
தேயிலை கொண்டுபோனேன்.
தோல் உரிய மறுத்தது. முற்றல்.
நீத்துவின் நகப்பூச்சை இலையின் அடிப்பக்கம் தடவி,
இதையும் ஊதிக் காயவைத்து,
செலோ டேப்பால் பிரித்து
கண்ணாடித் துண்டில் ஒட்டினேன்.

குனிந்து பார்த்தால்
வாய்கள்.
பாதி திறந்தும் மூடியும்
நெருக்கியடித்துக்கொண்டு.
கொட்டகை வாசலில்
நாலு மணிக்கு வரிசை நிற்குமே, அப்படி.
சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று
உதடு அசைய எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.
'எண்ணச் சொல்லலியேம்மா, வரையுங்க'
என்றார் வெளியூர்த் தேர்வாளர்.

பென்சிலைச் சீவினேன்.
முதல் வாய் கோணிக்கொண்டு வந்தது.
ரப்பரைத் தேடினால்
அது அஃப்சலிடம்.